"அது வாரியத்தின் பொறுப்பு": ஸ்காட்லாந்து அரசு தரும் பதில்களை எப்படிப் படிப்பது?

கேட்கப்பட்டது இதுதான். கிளாஸ்கோவில் வசிக்கும் ஒருவர், பிள்ளைகளுக்கான மனநலச் சிகிச்சை கிடைக்க எவ்வளவு காலம் காத்திருக்க வேண்டியிருக்கிறது என்று தன் பகுதி எம்.எஸ்.பி.யிடம் (அதாவது ஸ்காட்லாந்து நாடாளுமன்ற உறுப்பினரிடம்) முறையிட்டிருக்கிறார். உறுப்பினரும் சும்மா இருக்காமல், தன் பகுதிக்கு மட்டுமான காத்திருப்பு விவரத்தைக் கேட்டு எழுத்து மூலம் ஒரு கேள்வி போட்டார். சில வாரங்களில் நான்கு வரியில் பதில் வந்தது: சேவை வழங்குவது அந்தந்தச் சுகாதார வாரியத்தின் பொறுப்பு, கேட்ட விவரம் மையமாகத் திரட்டப்படுவதில்லை, காத்திருப்பைக் குறைப்பதில் அரசு உறுதியாக இருக்கிறது. "இது பதிலா, மழுப்பலா? இதையெல்லாம் யார் எழுதுகிறார்கள்? இதற்கு மேல் என்ன செய்யலாம்?" என்கிறார்.

கொஞ்சம் மழுப்பல்தான். ஆனால் பெரும்பகுதி, கேள்வி எழுதப்பட்ட விதத்தால் வந்த வினை. லண்டனில் உள்ள பிரிட்டிஷ் அரசிடமிருந்து அதிகாரப் பகிர்வு பெற்ற ஓர் அரசிடம் கேள்வி கேட்கும்போது "இது யாருடைய வேலை?" என்ற உள்கேள்வி கூடவே வந்துவிடுகிறது. மேலே லண்டனைக் காட்டலாம், கீழே வாரியங்களையும் உள்ளாட்சி மன்றங்களையும் காட்டலாம். இந்த இரண்டு கதவுகளையும் மூடிவிட்டுக் கேட்டால்தான் அமைச்சருக்கு நேராகப் பதில் சொல்வதைத் தவிர வேறு வழி இருக்காது.

முதலில் மேல்கதவு. 1998-ஆம் ஆண்டு ஸ்காட்லாந்துச் சட்டம், எடின்பரோவில் உள்ள ஸ்காட்லாந்து அரசுக்கு என்னென்ன அதிகாரம் உண்டு என்று பட்டியல் போடவில்லை. லண்டன் தன்னிடம் எதையெல்லாம் வைத்துக்கொள்கிறது என்பதை மட்டும் ஐந்தாவது அட்டவணையில் எழுதியது. பாதுகாப்பு, வெளியுறவு, குடியேற்றம், நாணயம், ஒலிபரப்பு, தொழிலாளர் சட்டம் என்று அது போகிறது. அதில் இல்லாததெல்லாம் 129 உறுப்பினர்கள் கொண்ட ஸ்காட்லாந்து நாடாளுமன்றத்துக்கு. சுகாதாரம், கல்வி, காவல், நீதி, வீட்டுவசதி எல்லாம் அப்படி வந்தவை. ஆகவே மனநலச் சிகிச்சை விஷயத்தில் லண்டனைக் கைகாட்ட முடியாது.

ஆனால் குறைந்த வருமானம் உள்ளவர்களுக்கான யுனிவர்சல் கிரெடிட் உதவித்தொகை பற்றிக் கேட்டால்? அது லண்டன் கையில் இருப்பது. நாடாளுமன்ற விதிகளின்படி, ஸ்காட்லாந்து அமைச்சர்களின் பொதுப் பொறுப்புக்குள் வரும் விஷயத்தைத்தான் கேட்கலாம். கேள்வி சுருக்கமாக, தெளிவாக இருக்க வேண்டும். கருத்துச் சொல்லக் கூடாது. "இந்த அநியாயத்தை எப்போது நிறுத்தப் போகிறீர்கள்" என்ற பாணியில் எழுதினால் செயலக ஊழியர்களே திருப்பி அனுப்பிவிடுவார்கள். அதனால் கைதேர்ந்த உறுப்பினர்கள் ஒரு சுற்றுவழி வைத்திருக்கிறார்கள்: "இந்த விஷயம் குறித்து ஐக்கிய இராச்சிய அரசுடன் ஸ்காட்லாந்து அரசு என்ன பேச்சு நடத்தியுள்ளது?" பேசுவதும் பேசாமலிருப்பதும் ஸ்காட்லாந்து அமைச்சரின் செயல், எனவே கேள்வி செல்லும். வெளியான கேள்விகளைப் புரட்டினால் இந்த வாக்கியம் திரும்பத் திரும்ப வருவதன் காரணம் இதுதான். இதற்கு வரும் பதில்கள் பெரும்பாலும் சாரமற்றவை என்பது வேறு விஷயம். "அமைச்சர்கள் தொடர்ந்து பேசி வருகிறார்கள்" என்று முடிந்துவிடும். தேதி கேட்டால்தான் பிடி கிடைக்கும்.

லண்டனிலும் இதே வேலி மறுபக்கத்திலிருந்து போடப்பட்டிருக்கிறது. 1999 அக்டோபர் 25 அன்று பிரிட்டிஷ் மக்களவை நிறைவேற்றிய தீர்மானத்தின்படி, பகிர்ந்தளிக்கப்பட்ட விஷயங்களைப் பற்றி அங்குள்ள அமைச்சர்களிடம் கேள்வி போட முடியாது. சில விலக்குகள் மட்டும் உண்டு. இரண்டு வேலிக்கும் நடுவில் சில விஷயங்கள் சிக்கிக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன். இரண்டு அரசுகளும் பாதிப் பாதி பொறுப்பேற்கும் எதுவும் அப்படித்தான்.

இதற்கு நல்ல உதாரணம் போதைப்பொருள் மரணங்கள். 2020-இல் ஸ்காட்லாந்தில் 1,339 பேர் இறந்தார்கள். 1971-ஆம் ஆண்டு போதைப்பொருள் தவறான பயன்பாட்டுச் சட்டம் லண்டனுடையது. ஆனால் சிகிச்சை ஸ்காட்லாந்து சுகாதாரத் துறையுடையது, வழக்குத் தொடுப்பதா என்ற முடிவு ஸ்காட்லாந்தின் தலைமைச் சட்ட அதிகாரியான லார்ட் அட்வகேட்டுடையது. எனவே "பாதுகாப்பான பயன்பாட்டு அறையை (மருத்துவக் கண்காணிப்பில் போதைப்பொருள் உட்கொள்ளும் இடத்தை) ஏன் திறக்கவில்லை" என்று ஆண்டுக்கணக்கில் கேட்டபோது, சட்டம் எங்கள் கையில் இல்லை என்ற பதிலே வந்துகொண்டிருந்தது. அது பொய் அல்ல. ஆனால் முழு உண்மையும் அல்ல என்பது பின்னால் தெரிந்தது. 2023 செப்டம்பரில் லார்ட் அட்வகேட், அத்தகைய அறைக்குள் சொந்த உபயோகத்துக்காகப் போதைப்பொருள் வைத்திருப்பவர்கள்மீது வழக்குத் தொடுப்பது பொதுநலனுக்கு உகந்ததல்ல என்று அறிவித்தார். 2025 ஜனவரியில் கிளாஸ்கோவில் 'திசில்' என்ற அத்தகைய மையம் திறக்கப்பட்டது. லண்டன் சட்டத்தில் ஒரு வரிகூட மாறவில்லை. "சட்டத்தை மாற்றுவீர்களா?" என்பது ஒரு கேள்வி, "இப்போதுள்ள சட்டத்துக்குள் உங்களுக்கு இருக்கும் அதிகாரத்தில் எதைப் பயன்படுத்தினீர்கள், எதைப் பயன்படுத்தவில்லை?" என்பது வேறு கேள்வி. முதலாவதைத் தட்டிக்கழிப்பது எளிது.

பணம் பற்றிய கேள்விகளிலும் இதே இழுபறி உண்டு. இங்கிலாந்தில் ஒரு துறைக்குக் கூடுதல் நிதி ஒதுக்கினால், பார்னெட் சூத்திரத்தின்படி ஸ்காட்லாந்துக்கும் ஒரு பங்கு வரும். "அந்தப் பணம் முழுவதும் இங்கும் அதே துறைக்குப் போனதா?" என்று எதிர்க்கட்சி கேட்கும். அந்தப் பணம் இன்ன துறைக்கு என்ற அடையாளத்தோடு வருவதில்லை, மொத்த நிதியில் சேர்ந்துவிடுகிறது என்று அரசு சொல்லும். அது சரியான பதிலே. துறைக்குச் சென்ற ஆண்டும் இந்த ஆண்டும் எவ்வளவு ஒதுக்கினீர்கள் என்று நேரடியாகக் கேட்டிருந்தால் வேண்டிய எண் கிடைத்திருக்கும்.

அப்புறம் கீழ்க்கதவு. உங்கள் விஷயம் மாட்டிக்கொண்டது இங்கேதான். "எங்கள் வேலை அல்ல" என்பதை ஸ்காட்லாந்து அரசு நான்கு இடங்களைப் பார்த்துச் சொல்கிறது, நான்கும் ஒரே எடை உள்ளவை அல்ல.

வழக்குத் தொடுப்பது பற்றிக் கேட்டால் லார்ட் அட்வகேட் சுதந்திரமாக முடிவெடுப்பார் என்பார்கள். அதில் குறை சொல்ல எதுவுமில்லை, அமைச்சர்கள் தலையிட்டால்தான் பயப்பட வேண்டும். காவல்துறை பற்றிக் கேட்டால் "அது போலீஸ் ஸ்காட்லாந்தின் செயல்பாட்டு விஷயம்" என்று வரும். குறிப்பிட்ட ஒரு கைது பற்றி என்றால் சரி. எட்டு படைகளை இணைத்து 2013-இல் ஒரே படையாக்கிய பிறகு எத்தனை நிலையங்கள் மூடப்பட்டன, அதற்கான நிதியை யார் தீர்மானித்தார்கள் என்று கேட்கும்போதும் அதே வாக்கியத்தைத் தூக்கிப் போட்டால் ஒப்புக்கொள்ள முடியாது. பள்ளி, நூலகம், குப்பை என்றால் 32 உள்ளாட்சி மன்றங்கள். அவை மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்டவை, அவற்றுக்கென்று மக்கள் தந்த தனி அதிகாரம் உண்டு. எனவே அந்தப் பதிலுக்கும் ஓரளவு நியாயம் இருக்கிறது.

சுகாதார வாரியங்கள் அப்படியல்ல. வட்டார வாரியங்கள் மொத்தம் 14. அவற்றின் தலைவர்களை நியமிப்பவர்கள் அமைச்சர்கள். பணம் கொடுப்பவர்களும் அவர்களே. 1978-ஆம் ஆண்டு தேசிய சுகாதாரச் சேவை (ஸ்காட்லாந்து) சட்டத்தின்படி வாரியங்களுக்குக் கட்டளையிடும் அதிகாரமும் அவர்களுக்கு உண்டு. அன்றாடச் சிகிச்சையை வாரியம் நடத்துகிறது என்பது சரி. ஆனால் வாரியம் இலக்கை எட்டாவிட்டால் அமைச்சர் என்ன செய்தார் என்ற கேள்விக்கு "அது வாரியத்தின் பொறுப்பு" என்பது பதிலாகாது. என் அபிப்பிராயத்தில் ஸ்காட்லாந்து அரசின் பதில்களிலேயே அதிகமாகத் துஷ்பிரயோகம் செய்யப்படும் வாக்கியம் இதுதான்.

சரி, யார் எழுதுகிறார்கள்? அமைச்சர் பெயரில் வெளியானாலும் முதல் வரைவு சம்பந்தப்பட்ட பிரிவில் இருக்கும் அதிகாரி ஒருவருடையது. கேள்வி வந்ததும் எந்தப் பிரிவுக்கு என்று பிரித்து அனுப்புவார்கள். அந்தப் பிரிவுக்காரர் வரைவு எழுதி, அமைச்சர் மட்டும் படிப்பதற்கான பின்னணிக் குறிப்பையும் சேர்ப்பார். மேலதிகாரி பார்த்த பிறகு அது அமைச்சரின் அலுவலகத்துக்குப் போகும். அரசியல் ரீதியாகச் சூடான விஷயமென்றால் அமைச்சர்களின் அரசியல் உதவியாளர்களான சிறப்பு ஆலோசகர்களின் கண்ணும் படும். இந்தப் பயணத்தில் ஒவ்வொரு கையிலும் ஒரு சொல் கழன்று விழும். அந்த அதிகாரியின் நிலையில் இருந்து பாருங்கள்: தவறான எண் ஒன்று போனால் அமைச்சர் அவையில் திருத்தம் சொல்ல வேண்டிவரும். குறைவாகச் சொன்னால் யாரும் தண்டிக்கப்படுவதில்லை. கேட்டதற்கு மட்டும், கேட்ட அளவுக்கு மட்டும் பதில் சொல்லும் பழக்கம் இப்படித்தான் வருகிறது.

எண்ணிக்கையும் ஒரு காரணம். 2021-இல் தொடங்கிய ஆறாவது நாடாளுமன்றக் காலத்தின் எழுத்துக் கேள்விகளுக்கு 'எஸ்6டபிள்யூ' என்ற முன்னொட்டு. அந்த வரிசை எண் 2025 தொடக்கத்துக்குள் 30,000-ஐத் தாண்டிவிட்டது. ஒரே விஷயத்தை 14 வாரியங்களுக்கும் தனித்தனியாகக் கேட்டு 14 கேள்வி போடும் உறுப்பினர்களும் இருக்கிறார்கள். உழைப்புதான், ஆனால் மறுமுனையில் ஓர் அதிகாரி ஒரே பதிலை 14 முறை ஒட்டிக்கொண்டிருப்பார்.

பதில் தருவதற்கான கெடு, விதியில் தெளிவாக இருக்கிறது: வழக்கமாக 10 அலுவலக நாட்கள், நீண்ட விடுமுறைக் காலத்தில் 20. அதற்குள் முடியாவிட்டால் "கூடிய விரைவில் பதிலளிப்போம்" என்று ஓர் இடைக்காலப் பதில் போடலாம். கேள்வியின் பக்கத்திலேயே எதிர்பார்க்கும் தேதி, இடைக்காலப் பதில், இறுதிப் பதிலளித்த அமைச்சர், நாள் எல்லாம் தெரியும். இடைக்காலப் பதில் வந்தாலே சதி என்று நினைக்க வேண்டாம். ஆனால் எளிய எண் ஒன்றைக் கேட்டதற்கு இடைக்காலப் பதில் வந்து, பிறகு விடுமுறைக்கு முந்தைய நாள் மாலை முழுப் பதில் வந்தால் அதைக் குறித்துவைத்துக்கொள்வது நல்லது.

பதில்களில் வரும் வாடிக்கைச் சொற்களையும் கவனியுங்கள். "மையமாகத் திரட்டப்படுவதில்லை" என்றால் அந்தத் தகவல் இல்லை என்று அர்த்தமில்லை. எடின்பரோ அரசிடம் இல்லை, வாரியத்திடமோ மன்றத்திடமோ பெரும்பாலும் இருக்கும். இந்தப் பதிலே சில சமயம் செய்திதான்: இவ்வளவு பணம் செலவழிக்கும் திட்டத்தின் பலனை அரசு கணக்கு வைக்கவில்லை என்று அதன் வாயாலேயே ஒப்புக்கொள்கிறது. "உரிய நேரத்தில்" என்றால் தேதி முடிவாகவில்லை, அல்லது முடிவாகியும் சொல்ல விரும்பவில்லை. "தொடர்ந்து பரிசீலித்து வருகிறோம்" என்றால் இப்போதைக்கு எதுவும் நடக்காது. "இந்தத் தேதியில் இந்த எண் கேள்விக்கு அளித்த பதிலைப் பார்க்கவும்" என்று வந்தால் சோம்பேறித்தனம் என்று விட்டுவிடாமல் உண்மையிலேயே போய்ப் பாருங்கள். பழைய பதிலுக்கும் உங்கள் கேள்விக்கும் நடுவில் ஒரு சின்ன இடைவெளி இருக்கும். கேட்ட ஆண்டு வேறாக இருக்கலாம், கேட்ட வயதுப் பிரிவு வேறாக இருக்கலாம். அடுத்த கேள்வி அந்த இடைவெளியில்தான் போக வேண்டும்.

உங்கள் விஷயத்துக்கு வருவோம். பிள்ளைகள், இளையோர் மனநலச் சேவைக்கு ஸ்காட்லாந்து அரசே வைத்த இலக்கு ஒன்று உண்டு: பரிந்துரைக்கப்பட்டவர்களில் 90 விழுக்காட்டினர் 18 வாரங்களுக்குள் சிகிச்சை தொடங்க வேண்டும். வாரியவாரியான எண்களைப் பப்ளிக் ஹெல்த் ஸ்காட்லாந்து என்ற பொதுச் சுகாதார அமைப்பு மூன்று மாதங்களுக்கு ஒருமுறை வெளியிடுகிறது. எனவே "எவ்வளவு காலம் காத்திருக்கிறார்கள்" என்று வாரியம் முழுவதற்கும் பொதுவாகக் கேட்டால், வெளியான புள்ளிவிவரத்தைப் பாருங்கள் என்று ஒரு சுட்டியைக் கொடுத்துவிடுவார்கள். அதிலும் ஒரு நுணுக்கம். இலக்கு அளப்பது சிகிச்சை தொடங்கிவிட்டவர்களை. இன்னும் வரிசையில் நிற்கும் பிள்ளைகளின் எண்ணிக்கை தனி அட்டவணை. இரண்டையும் சேர்த்துப் பார்க்காவிட்டால் படம் முழுமையாகாது.

உங்கள் உறுப்பினரிடம் இப்படிக் கேட்கச் சொல்லுங்கள்: "இந்த வாரியம் 18 வார இலக்கை எட்டாத காலாண்டுகளில், அது குறித்து அமைச்சர்கள் வாரியத்தின் தலைவரையோ தலைமை நிர்வாகியையோ எந்தெந்தத் தேதிகளில் சந்தித்தார்கள்?" இது முதல் கேள்வி. "இந்த வாரியத்தின் பிள்ளைகள் மனநலச் சேவைக்கென அரசு கடந்த மூன்று நிதியாண்டுகளில் ஒவ்வோர் ஆண்டும் எவ்வளவு ஒதுக்கியது?" இரண்டாவது. "இலக்கை எட்டாத வாரியங்களுக்குத் தனி ஆதரவு அளிப்பதற்கான அளவுகோல் என்ன? இந்த வாரியம் அதற்குள் வருகிறதா?" மூன்றாவது. மூன்றையும் தனித்தனிக் கேள்விகளாகப் போடுவது முக்கியம். ஒன்றாகச் சேர்த்தால் எளிதான பகுதிக்கு மட்டும் பதில் வரும். மூன்றிலும் எழுவாய் அமைச்சர், அல்லது அரசு. வாரியம் என்று சொல்லித் தப்ப இடமில்லை.

பதில் மோசமாக இருந்தால் அவைத் தலைவரிடம் முறையிடலாமே என்று கேட்பவர்கள் உண்டு. உறுப்பினர்கள் அடிக்கடி முயல்கிறார்கள். ஆனால் பதிலின் உள்ளடக்கம் அமைச்சரின் பொறுப்பு, தன் பொறுப்பல்ல என்பதே அவைத் தலைவர்கள் வழக்கமாகச் சொல்வது. பொய் சொல்வதுதான் எல்லைக்கோடு. அமைச்சர்களின் நடத்தை விதிப்படி, தெரியாமல் தவறான தகவல் கொடுத்தால் முதல் வாய்ப்பிலேயே திருத்த வேண்டும், தெரிந்தே அவையைத் தவறாக வழிநடத்தினால் பதவி விலக முன்வர வேண்டும். 2012 நவம்பரில் கல்லூரிகளுக்கான நிதி கூடியிருக்கிறது என்று முதலமைச்சர் அலெக்ஸ் சால்மண்ட் அவையில் சொன்னார். எண் தவறு என்று தெரிந்ததும் அன்றே திரும்பி வந்து மன்னிப்புக் கேட்க வேண்டியதாயிற்று. எண் இருந்ததால்தான் மாட்டினார் என்பதையும் கவனியுங்கள். "கல்லூரிகளுக்கு உறுதுணையாக இருக்கிறோம்" என்று சொல்லியிருந்தால் எதைத் திருத்துவது? பதில்களில் எண் அரிதாக வருவதற்கு இதுவும் ஒரு காரணம்.

வியாழன் மதியம் 12 மணிக்கு நடக்கும் முதலமைச்சர் கேள்வி நேரம் பற்றிச் சொல்லப் பெரிதாக ஒன்றுமில்லை. முக்கால் மணி நேரம், தொலைக்காட்சிக்கு நல்ல தீனி, தகவலுக்கு மோசமான இடம். அதைவிடப் புதன்கிழமைகளில் துறைவாரியாக நடக்கும் கேள்வி நேரம் தேவலாம். அங்கே யாருக்கு வாய்ப்பு என்பது குலுக்கலில் முடிவாகிறது. நேரமில்லாமல் விடுபடும் வாய்மொழிக் கேள்விகளுக்கு எழுத்தில் பதில் கொடுத்துவிடுவார்கள்.

இன்னொரு வகைக் கேள்வியும் உண்டு, புதிதாகப் பார்ப்பவர்களைக் குழப்பும். அரசே ஆளுங்கட்சி உறுப்பினர் ஒருவரிடம் சொல்லிப் போடவைக்கும் கேள்வி. அறிக்கை ஒன்றை வெளியிடவோ அறிவிப்பு ஒன்றைச் செய்யவோ, அவையில் எழுந்து பேசாமல் இந்த வழியைப் பயன்படுத்துவார்கள். 'அரசு தொடங்கிய கேள்வி' என்று பக்கத்திலேயே குறிப்பு இருக்கும், அதனால் ஒளிவுமறைவு இல்லை. ஆனால் எழுந்து அறிவித்தால் குறுக்குக் கேள்வி வரும், இதில் வராது. விடுமுறைக்கு முந்தைய நாட்களில் இவற்றைத் தேடிப் படிப்பது என் வழக்கம்.

வேல்ஸிலும் வட அயர்லாந்திலும் அடிப்படை இதுவே, ஆனால் வேலிகள் வேறு இடங்களில் நிற்கின்றன. காவலும் நீதியும் வேல்ஸுக்குத் தரப்படவில்லை. எனவே ஸ்காட்லாந்தில் "போலீஸ் ஸ்காட்லாந்தைக் கேளுங்கள்" என்று வரும் அதே கேள்விக்கு அங்கே "லண்டனைக் கேளுங்கள்" என்று வரும். வட அயர்லாந்தில் எதிரெதிர்க் கட்சிகளே சேர்ந்து ஆள்கின்றன. ஒரு துறை அமைச்சர் சொன்னது பக்கத்துத் துறைக்காரரைக் கட்டுப்படுத்தும் என்று நம்ப முடியாது, இரண்டு துறைகளைத் தொடும் கேள்வி இரண்டு பாதிப் பதில்களாகத் திரும்பும். அவசரமானவற்றுக்கு ஐந்தே வேலை நாட்களில் பதில் வாங்கும் ஏற்பாடு அங்கே இருப்பது நல்ல விஷயம். ஆனால் 2017 ஜனவரி முதல் 2020 ஜனவரி வரையும், 2022 பிப்ரவரி முதல் 2024 பிப்ரவரி வரையும் நிர்வாகக் குழுவே, அதாவது அங்குள்ள அரசே, முழுமையாக இயங்கவில்லை. முதல் முடக்கத்தின்போது துறைகளை அதிகாரிகள் ஓட்டினார்கள், கேள்விக்கு நின்று பதில் சொல்ல அமைச்சர் என்று ஒருவரும் இல்லை. பெல்ஃபாஸ்ட் அருகே ஒரு குப்பை எரி உலைக்குத் துறை அதிகாரி கொடுத்த அனுமதியை 2018-இல் நீதிமன்றம் செல்லாது என்றது, அத்தகைய முடிவு அமைச்சருக்கு உரியது என்பதால்.

கடைசியாக, உறுப்பினரை நம்பியிராமல் நீங்களே செய்யக்கூடியது. 2005 ஜனவரி முதல் நடைமுறையில் இருக்கும் ஸ்காட்லாந்தின் தகவல் சுதந்திரச் சட்டப்படி யாரும் கேட்கலாம். கெடு 20 வேலை நாட்கள். தேடித் தர 600 பவுண்டுக்கு மேல் செலவாகும் என்றால் மறுக்கலாம், எனவே கேள்வியைச் சுருக்கி வையுங்கள். அரசிடம் மட்டுமின்றி வாரியத்திடமும் நேரடியாகக் கேட்கலாம். மையமாகத் திரட்டப்படாத அந்த எண் அங்கேதான் கிடக்கிறது. மறுத்தால் மறுஆய்வு கேட்டு, அதன் பிறகு தகவல் ஆணையரிடம் போகலாம். அவருடைய தீர்ப்பு அரசைக் கட்டுப்படுத்தும். எழுத்துக் கேள்விக்கு அப்படி ஒரு மேல்முறையீடு கிடையாது. இந்த வழியிலும் அரசின் கை சுத்தமாக இருந்தது என்று சொல்ல முடியாது: பத்திரிகையாளர்கள், உறுப்பினர்கள், அவர்களுடைய ஆய்வாளர்கள் கேட்பவற்றைத் தனியாகப் பிரித்துக் கையாண்டதை 2018-இல் ஆணையரின் அறிக்கையே சுட்டிக்காட்டியது. நீங்கள் தனிநபராகக் கேட்பது சில வேளைகளில் அனுகூலம்.

வாரியத்துக்கு அனுப்பும்போது கூடவே அரசுக்கும் ஒன்று அனுப்புங்கள். உங்கள் உறுப்பினர் போட்ட கேள்வியின் எண்ணைக் குறிப்பிட்டு, அதற்குப் பதில் தயாரித்தபோது எழுதப்பட்ட வரைவுகளையும் பின்னணிக் குறிப்பையும் கேளுங்கள். அதிகாரிகள் தங்களுக்குள் தயங்காமல் கருத்துப் பரிமாறுவதை அது பாதிக்கும் என்று சொல்லிச் சில பத்திகளைக் கறுப்படிக்க வாய்ப்பு உண்டு. மிச்சமிருப்பதைப் பதிலோடு வைத்துப் பார்த்தால், அதிகாரி எழுதிய எந்த வரி வழியில் காணாமல் போனது என்பது பல சமயம் தெரிந்துவிடும்.